இருபதுக்கு அப்புறம் இருபத்திரண்டு: அந்த ஒரு வசனம் எங்கே போனது?

பெங்களூரில் லிங்கராஜபுரம் பக்கம் குடியிருக்கும் ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

சொந்த ஊர் நாசரேத் பக்கம். பிறந்ததிலிருந்து சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஆயத்த ஆடை கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஒரே மகன், ஒன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு வலிப்பு நோய் என்று தெரிந்தது. காலையும் இரவும் மாத்திரை. கடைசியாக ஃபிட்ஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது. இதற்கிடையில் கணவர் ஹென்னூர் தாண்டி இருக்கும் ஒரு தனிச்சபைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார். அங்கே பாஸ்டர், மத்தேயு 17:21ஐக் காட்டி, "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமே போகும், மாத்திரையினால் போகாது" என்று சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் 21 நாள் உபவாசம், வெள்ளிக்கிழமைதோறும் பையனோடு முழு இரவு ஜெபம், விசுவாசத்தின் அடையாளமாக மாத்திரையை நிறுத்துவது என்று ஏற்பாடு.

சகோதரி தன் ஆங்கில பைபிளை எடுத்து அந்த வசனத்தைத் தேடியிருக்கிறார். 20 இருக்கிறது, அடுத்து 22. நடுவில் ஒன்றும் இல்லை. "பாருங்க, அந்த வசனமே போலி" என்று கணவரிடம் காட்ட, வீட்டில் பெரிய சண்டை. புதிய பைபிள்கள் எல்லாம் வசனத்தைத் திருடியவை, கூட்டினாலும் குறைத்தாலும் சாபம் என்று வெளிப்படுத்தல் புத்தகம் சொல்கிறது என்று கணவர் அந்த பைபிளைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

கேள்விகள் மூன்று. வசனத்தை யார் எடுத்தார்கள்? அது போலி என்று நிரூபித்தால் கணவர் மனம் மாறுவாரா? அவருக்குத் தெரியாமல் மாத்திரை கொடுத்தால் பாவமா?

அன்புள்ள சகோதரி,

இருபத்தைந்து வருடம் இறையியல் மாணவர்களுக்குப் புதிய ஏற்பாட்டு கிரேக்கம் சொல்லிக்கொடுத்தேன். அப்புறம்தான் குடும்ப ஆலோசனைக்கு வந்தேன். இரண்டு வேலையும் ஒரே கடிதத்தில் வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றி, கடைசியில் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றாம் தேதிக்கு அதிக நாள் இல்லை.

மாத்திரை

நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எந்த மருத்துவரும் வேறு மாதிரி சொல்லமாட்டார். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், நிற்காமல் அடுத்தடுத்து வலிப்பு வரும் நிலைக்குக் குழந்தை போகலாம். அது உயிருக்கே ஆபத்து. எட்டு மாதம் ஃபிட்ஸ் வரவில்லை என்பதை உங்கள் கணவர் சுகத்தின் அடையாளமாகப் பார்க்கிறார். மாத்திரை வேலை செய்கிறது என்பதன் அடையாளமும் அதுதான். முழு இரவு ஜெபமும் இதே கணக்கில் வரும். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டுகிற காரணங்களில் முக்கியமான ஒன்று. மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் பையனை விடிய விடிய உட்கார வைத்தாலும் ஆபத்துதான். பெரியவர்கள் விழித்திருக்கட்டும், பையன் ஒன்பது மணிக்குப் படுக்கட்டும்.

தெரியாமல் கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுக்காமல் விடுவதா, தெரியாமல் கொடுப்பதா என்று வந்தால், கொடுங்கள். அதில் பாவம் இல்லை. தாய்க்குத் தன் பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனால் அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம் என்பேன். நீங்கள் கொடுத்தது தெரியாமல் மாமியார் இன்னொரு வேளை கொடுத்துவிடலாம். மறைப்பதற்காகச் சோற்றில் பொடித்துக் கலந்தால், மெதுவாகக் கரையும் வகை மாத்திரையாக இருந்தால் மருந்தின் அளவே தாறுமாறாகிவிடும். இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நீங்கள் ரகசியமாகக் கொடுத்து, பையனும் நன்றாக இருந்து, சபையில் "மாத்திரை இல்லாமலே சுகமானான்" என்று சாட்சி சொன்னார்கள் என்று வையுங்கள். அந்தச் சாட்சியைக் கேட்டு வேறொரு தாய் தன் பிள்ளைக்கு மாத்திரையை நிறுத்துவாள்.

ஆகவே வெளிப்படையாகச் செய்யப் பாருங்கள். பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் காட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றாம் தேதிக்கு முன் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "மாத்திரையை எப்போது நிறுத்தலாம், டாக்டர்?" இது நியாயமான கேள்வி. பொதுவாகக் குழந்தைகளுக்கு இரண்டு வருடம் போல வலிப்பே இல்லாமல் இருந்தால், மருத்துவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதைப் பற்றிப் பேசுவார். உங்கள் கணவர் ஆசைப்படுவதும் அதைத்தானே? மாத்திரை இல்லாத மகனை அவர் பார்க்க விரும்புகிறார். அந்த ஆசையைக் குறை சொல்லாதீர்கள்.

அவர் வரவே மறுத்து, மாத்திரையைப் பிடுங்கி வைக்கும் அளவுக்குப் போனால், அதற்குமேல் அது குடும்பச் சண்டை மட்டும் இல்லை, குழந்தையின் பாதுகாப்பு. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். அந்த நிலை வராது என்றே உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. பையனுக்கு ஃபிட்ஸ் வந்த ராத்திரி கே.ஆர்.புரத்திலிருந்து செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வசனத்தை எடுத்தது யார்?

யாரும் எடுக்கவில்லை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அச்சு வருவதற்கு முன் ஏறக்குறைய 1400 வருடம் புதிய ஏற்பாடு கையால்தான் எழுதப்பட்டது. கிரேக்கத்தில் மட்டும் முழுதும் துண்டுமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் இன்று கிடைக்கின்றன. எழுதியவர்கள் மனிதர்கள். வரி தாவியிருக்கிறார்கள், ஓரத்தில் யாரோ எழுதிய விளக்கத்தை உள்ளே சேர்த்திருக்கிறார்கள், ஒரு சுவிசேஷத்தை எழுதும்போது மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு சுவிசேஷத்தின் வரியை எழுதிவிட்டிருக்கிறார்கள். நம் ஏட்டுச்சுவடிகளிலும் இதுதானே நடந்தது? உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைச் சேர்த்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, சுவடிக்குச் சுவடி சொல் மாறும் இடங்களை, அதாவது பாடபேதத்தை, குறித்து வைத்தார். கம்பராமாயணத்தில் பின்னால் சேர்ந்தவை என்று கருதும் பாடல்களை மிகைப்பாடல்கள் என்று தனியாகப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கம்பனைத் திருடிவிட்டார்கள் என்று யாரும் அந்தப் பதிப்பாசிரியர்களைச் சொல்வதில்லை.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முதலில் வெளியிட்டவர் எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர், 1516இல், பாசெல் நகரத்தில். அவர் கையில் இருந்தவை ஒரு சில பிரதிகள். பெரும்பாலும் 12ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. அந்தப் பதிப்பும் அதைத் தழுவி வந்தவையும்தான் 1611இல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிளுக்கு அடிப்படை. நம் வீட்டில் இருக்கும் பழைய திருப்புதல், அதாவது ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் முழுமையாக வெளிவந்த தமிழ் வேதாகமமும் அந்த வழியில் வந்ததுதான். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி போன்ற மிகப் பழைய ஏடுகள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு மேல்தான் அறிஞர்கள் கையில் சரியாகக் கிடைத்தன. அவற்றை ஆதாரமாக வைத்து ஆங்கிலத்தில் திருத்திய புதிய ஏற்பாடு வந்தது 1881இல். பவர் பைபிள் அதற்குப் பத்து வருடம் முந்தியது. அதனால் பவர் குழுவைக் குறை சொல்லவும் இடமில்லை, பின்னால் வந்தவர்களைத் திருடர் என்று சொல்லவும் இடமில்லை. அவரவர் கையில் இருந்த சுவடியை வைத்து அவரவர் செய்தார்கள்.

சரி, நடுவில் ஒரு எண் ஏன் காலியாக இருக்கிறது? புதிய ஏற்பாட்டுக்கு இன்று நாம் சொல்லும் வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் ஸ்டெபானஸ் என்ற அச்சுக்காரர், 1551இல். எராஸ்மஸ் வழிவந்த பாடத்துக்குத்தான் அவர் எண் போட்டார். பழைய ஏடுகளில் ஒரு வசனம் இல்லை என்று தெரிந்தபோது, புதிய மொழிபெயர்ப்பாளர்கள் அந்த எண்ணை அப்படியே காலியாக விட்டுவிட்டு, பக்கத்தின் அடியில் "சில பிரதிகளில் இப்படி இருக்கிறது" என்று குறிப்பு போட்டார்கள். இருபதாம் நம்பர் வீட்டுக்கு அடுத்து இருபத்திரண்டு இருக்கிற தெரு மாதிரி. பெங்களூரில் பழைய நம்பர், புதிய நம்பர் என்று கதவிலக்கம் தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மறைக்க நினைப்பவர் முதலில் எண்களை மாற்றி அடுக்கியிருப்பார். உங்கள் ஆங்கில பைபிளில் அந்தப் பக்கத்தின் அடியைப் பாருங்கள். "எடுக்கப்பட்ட" வசனம் பொடி எழுத்தில் அங்கே இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

உங்கள் கணவர் கிங் ஜேம்ஸை முழுசாக நம்புகிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன். 1611இல் வந்த அந்த பைபிளின் ஓரத்திலேயே, லூக்கா 17:36க்குப் பக்கத்தில், இந்த வசனம் பெரும்பாலான கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்று குறிப்பு இருக்கிறது. அடிக்குறிப்பு போடும் பழக்கம் நேற்று வந்த சதி இல்லை.

இப்படிக் காலியாக விடப்படும் வசனங்கள் புதிய ஏற்பாட்டில் பதினாறு போல வரும். அவற்றில் பல, வேறு இடத்தில் அப்படியே இருப்பவை. மத்தேயு 18:11 போனால் லூக்கா 19:10 இருக்கிறது. மாற்கு 9:44, 46 போனால் அதே வரி 48இல் இருக்கிறது. பரமண்டல ஜெபத்தின் முடிவில் "ராஜ்யமும், வல்லமையும், மகிமையும்" என்று வருவதுகூட அந்தப் பழைய ஏடுகளில் இல்லை. சிவாஜிநகரில் கத்தோலிக்க உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், எல்லாரும் சட்டென்று நிறுத்திவிட நாம் மட்டும் சத்தமாகத் தொடர்ந்து, அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

எல்லாம் இவ்வளவு சுலபம் என்று சொல்ல மாட்டேன். எத்தியோப்பிய மந்திரியின் விசுவாச அறிக்கை வரும் அப்போஸ்தலர் 8:37 பெரும்பாலான கிரேக்கப் பிரதிகளில், பிற்காலத்தவற்றில்கூட, இல்லை. ஆனால் இரண்டாம் நூற்றாண்டிலேயே இரேனியுஸ் என்ற சபைத் தலைவர் அதை அறிந்திருக்கிறார். மாற்கின் கடைசிப் பன்னிரண்டு வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் இதைவிடப் பெரிய விவாதம். அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும்.

சாபம் பற்றிய வசனம்

வெளிப்படுத்தல் 22:18, 19ஐக் காட்டித்தான் உங்கள் கணவர் பயப்படுகிறார், பயமுறுத்தவும் செய்கிறார். அந்த எச்சரிக்கை குறைப்பதற்கு மட்டும் இல்லை, கூட்டுவதற்கும் சேர்த்துத்தான். மூலத்தில் இல்லாத ஒரு வரி உள்ளே வந்திருந்தால் அதைச் சுட்டிக்காட்டுவதும் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிவதுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எராஸ்மஸ் கையில் இருந்த வெளிப்படுத்தல் பிரதியில் கடைசி ஏடு கிழிந்து போயிருந்தது. அவசரத்தில் கடைசி ஆறு வசனங்களை லத்தீனிலிருந்து அவரே கிரேக்கத்தில் திருப்பி எழுதிக்கொண்டார். அதனால்தான் நம் பழைய பைபிளில் 22:19இல் "ஜீவபுஸ்தகத்திலிருந்தும்" என்று வருகிறது. கிரேக்கப் பிரதிகளில் அங்கே இருப்பது ஜீவவிருட்சம். கூட்டாதே, குறைக்காதே என்று எச்சரிக்கும் வசனத்திலேயே சொல் மாறியிருக்கிறது! இதற்காக நம் தாத்தா பாட்டி எல்லாம் சாபத்துக்குள் போய்விட்டார்கள் என்று யாராவது சொல்வார்களா? (இதை மட்டும் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள். வாக்குவாதத்தில் ஜெயிப்பீர்கள், வேறு ஒன்றும் நடக்காது.)

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பழைய பைபிள் என்று நாம் பிடித்துக்கொண்டிருப்பதும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததுதான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனரி தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது 1715இல். அப்புறம் பெப்ரிசியஸ், அப்புறம் ரேனியஸ், அப்புறம்தான் பவர். ரேனியஸ் திருத்தியபோது, பெப்ரிசியஸ் மொழிபெயர்ப்பில் கை வைக்காதே என்று கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். உங்கள் வீட்டுச் சண்டைக்கு இருநூறு வருட வயது.

மத்தேயு 17:21

இப்போது உங்கள் வசனத்துக்கு வருகிறேன். சீனாய்ப் பிரதியை முதலில் எழுதியவர் அதை எழுதவில்லை. பின்னால் திருத்தியவர் ஒருவர் சேர்த்திருக்கிறார். வத்திக்கான் பிரதியிலும் இல்லை. பிற்காலப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. இதே சம்பவம் மாற்கு 9:29இல் வருவதால், அங்கிருந்து இங்கே வந்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. என் முடிவும் அதுதான். மாற்கிலும் இந்த இரண்டு பழைய ஏடுகளில் "ஜெபத்தினால்" மட்டுமே உண்டு, "உபவாசம்" இல்லை.

ஆனாலும் "போலி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள், சகோதரி. உங்களிடம் நான் திருத்த விரும்புவது இதைத்தான். ஆயிரம் வருடத்துக்கு மேல் எத்தனையோ சபைகள் வாசித்து ஜெபித்த வரி அது. உபவாசம் அந்த ஒரு வசனத்தில் தொங்கிக்கொண்டும் இல்லை. மத்தேயு 6இல் இயேசுவே உபவாசத்தைப் பற்றிப் பேசுகிறார். அப்போஸ்தலர் 13இல் அந்தியோகியா சபை உபவாசிக்கிறது. எந்த மொழிபெயர்ப்பிலும் இவை காலியாக விடப்படவில்லை. நீங்கள் அந்த வசனத்தை இல்லை என்று நிரூபித்த மறுநாள் பாஸ்டர் வேறு பத்து வசனம் எடுத்துக் கொடுப்பார். அப்போது என்ன செய்வீர்கள்? பிள்ளையின் மாத்திரை ஒரு அடிக்குறிப்பை நம்பி இருக்கக் கூடாது.

அதனால் வசனம் இருக்கட்டும். உங்கள் கணவரின் பழைய பைபிளிலேயே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, 14ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். தகப்பன் வருகிறான், என் மகன் சந்திரரோகி என்கிறான். தீயிலும் தண்ணீரிலும் விழுகிறான் என்று அழுகிறான். கிரேக்கத்திலும் அந்தச் சொல் நிலாவை ஒட்டியதுதான். வலிப்பை அந்தக் காலம் அப்படிப் பார்த்தது. இயேசு பையனைக் கொண்டுவரச் சொல்கிறார், அந்நேரமே அவன் சொஸ்தமாகிறான். அவனை யாரும் பட்டினி போடவில்லை, தகப்பனிடமும் 21 நாள் கேட்கவில்லை. உபவாசத்தைப் பற்றிய பேச்சு, எங்களால் ஏன் முடியவில்லை என்று தனியாக வந்து கேட்ட சீஷர்களுக்கு. அப்படியானால் உபவாசிக்க வேண்டியது ஊழியக்காரர். நோயாளி பிள்ளை அல்ல.

அப்புறம் 2 இராஜாக்கள் 20 எடுங்கள். சாகும் நோயில் கிடக்கும் எசேக்கியா ராஜா அழுது ஜெபிக்கிறான், உன் விண்ணப்பத்தைக் கேட்டேன் என்று கர்த்தர் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல், அதாவது கட்டியின்மேல், பற்றுப் போடச் சொல்கிறார். ஜெபம் கேட்கப்பட்ட பிறகு பற்று! நம் பையனின் மாத்திரையும் அந்தப் பற்று மாதிரிதான் என்று சொல்லிப் பாருங்கள். உபவாசம் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். "நானும் உங்களோடு இருக்கிறேன், நாம் இரண்டு பேரும் உபவாசிப்போம், அவன் மட்டும் சாப்பிட்டு, மாத்திரை போட்டுத் தூங்கட்டும்" என்று சொல்லுங்கள். அவர் கேட்டதில் பாதியை நீங்களே முன்வந்து கொடுக்கிறீர்கள். மீதிப் பாதியில் விட்டுக்கொடுக்க இடமில்லை என்பது அவருக்குப் புரியும்.

பாஸ்டரிடம் நேராகப் போய்ச் சண்டை போட வேண்டாம். உங்கள் பழைய சபை ஐயரை, அதாவது போதகரை, வீட்டுக்குக் கூப்பிட்டு, இருவரும் இருக்கும்போது ஜெபிக்கச் சொல்லலாம். கணவர் அவருக்குக் கொடுக்கும் மரியாதை இன்னும் போகவில்லை என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது.

பையனுக்கு எந்த பைபிள் என்று ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பழைய திருப்புதல்; அந்த ஓசை காதில் நிற்கும். படித்துப் புரிந்துகொள்ள, பக்கத்திலேயே ஒரு எளிய தமிழ் மொழிபெயர்ப்பு. எம்.ஜி. ரோட்டில் வேதாகமச் சங்கத்தின் கடைக்குப் போனால் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்து வாங்கலாம்.

இன்னொன்று. ஃபிட்ஸ் வந்தபோது மாமியார் பையன் கையில் இரும்புச் சாவி கொடுத்தார், வாயில் கரண்டி வைத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. இதை மாமியாருக்கும் கணவருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். இதில் யாருக்கும் வேத வசனச் சண்டை வராது.

பரணில் கிடக்கும் ஆங்கில பைபிள் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும். முதலில் நிம்ஹான்ஸ் போய்விட்டு வாருங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.